சிறு குழந்தைகள் உள்ள வீட்டிற்கு எந்த இன நாய் பொருந்தும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்க்க வேண்டும் என்ற ஆசை பல வீடுகளில் குழந்தையின் வாயிலிருந்துதான் முதலில் வெளிப்படுகிறது. ஆனால் அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அந்த நாயைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் பெரியவர்கள். எனவே இங்குள்ள பதில்கள் பெற்றோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குறிப்பாக, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளுக்கானவை.

குழந்தைகள் உள்ள வீட்டிற்கு மிகச் சிறந்த இனம் எது?

ஒரே ஒரு பெயரைப் பதிலாக எதிர்பார்த்துத்தான் பெரும்பாலோர் இதைக் கேட்கிறார்கள். அப்படியொரு பெயர் இல்லை. வீட்டின் கடைக்குட்டிக்கு என்ன வயது, விடியற்காலையிலும் மழையிலும் நாயை வெளியே அழைத்துச் செல்லப் போகிறவர் யார், ஒரு நாளில் வீடு எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கும் ஆகிய மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் இனத்தின் பேச்சையே எடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டிற்கு எதையாவது சொல்லியே தீர வேண்டும் என்றால், குழந்தைகளோடு ஏற்கெனவே பழகிய, இரண்டு மூன்று வயதைக் கடந்த, சாதுவான ஒரு நாயைத்தான் நான் சொல்வேன். அது லாப்ரடாராக இருந்தாலும் சரி, இன்ன இனமென்றே சொல்ல முடியாத கலப்பாக இருந்தாலும் சரி.

நாயின் குணத்தை இனம் எந்த அளவுக்கு முடிவு செய்கிறது?

நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே. 2022ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்கள் தந்த விவரங்களையும், அவற்றுள் ஒரு பகுதியின் மரபணுக்களையும் சேர்த்து ஆராய்ந்தது. தனித்தனி நாய்களுக்கு இடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டைத்தான் இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. சொல்பேச்சு கேட்கும் இயல்பில் இனத்தின் சாயல் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. எதற்கு எவ்வளவு எளிதில் சினம் கொள்ளும் என்பதில் அது மிகக் குறைவாகவே இருந்தது.

இதை வைத்து இனத்தைப் பார்க்கவே தேவையில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உடலளவு, முடி, வலிமை, ஆயுள், பரம்பரை நோய்கள் ஆகிய எல்லாம் இனத்தோடு வருபவை. மேலும், ஓர் இனம் எந்த வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அந்த வேலையின் மிச்சம் வரவேற்பறையிலும் தலைகாட்டும். ஆனால் “இந்த இனம் குழந்தைகளைக் கடிக்கவே கடிக்காது” என்று யாராவது உறுதி சொன்னால், அவரிடம் நாய் வாங்காமல் இருப்பது நல்லது.

அந்த வேலையின் மிச்சம் என்பது வீட்டில் எப்படித் தெரியும்?

பார்டர் கோலி ஆட்டு மந்தையைக் கண்ணாலேயே கட்டுப்படுத்தி ஓட்டுவதற்காக வளர்க்கப்பட்ட நாய். மந்தை இல்லாத வீட்டில், கூச்சலிட்டு ஓடும் நான்கு பிள்ளைகள் அதற்கு மந்தையாகிவிடுவார்கள். பதுங்கி வந்து வளைத்து ஒரு மூலைக்கு ஒதுக்கும், சிதறி ஓடும் பிள்ளையின் குதிகாலில் பல்லை வைக்கும். அதில் பகையும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் குதிகாலில் பல் பட்ட ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த நுணுக்கம் புரியாது.

பீகிள் மோப்பம் பிடித்துக் கூட்டமாக ஓடி முயல் வேட்டையாடிய நாய். ஒன்பது முதல் பதின்மூன்று கிலோவுக்குள் அடங்கும் அளவும், கூட்டத்தோடு ஒத்துப்போகும் இயல்பும் அதைக் குழந்தைகளுக்கு நல்ல தோழனாக்குகின்றன. ஆனால் ஒரு வாசனை மூக்கில் ஏறிவிட்டால் அதற்குக் காது கேட்காது, கதவு திறந்திருந்தால் போய்விடும், தனியாக விட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஊளையிடும். கதவைச் சாத்தும் பழக்கம் பிள்ளைகளுக்கு வரும் வரை பீகிளைத் தள்ளிப் போடலாம் என்பது என் கருத்து.

டாஷ்ஹண்ட் என்ற பெயருக்கே ஜெர்மன் மொழியில் வளைக்கரடி (வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கு) நாய் என்று பொருள். வளைக்குள் தனியாகப் புகுந்து, தன்னைவிட மூர்க்கமான விலங்கை எதிர்கொள்வதற்காக உருவாக்கப்பட்டது அது. கட்டிலுக்கடியில் படுத்திருக்கும்போது தவழ்ந்து உள்ளே வரும் குழந்தையை அது எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை, அந்தக் குட்டைக் கால்களைப் பார்த்து மயங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். நீண்ட முதுகினால் தண்டுவட வட்டுச் சிக்கலும் இந்த இனத்தில் அதிகம். குழந்தை அதை இரு முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்குவதால் நேரும் பாதிப்பு சிறியதாக இருக்காது.

லாப்ரடாரையும் கோல்டன் ரிட்ரீவரையும் எல்லோரும் பரிந்துரைக்கிறார்களே, ஏன்?

இரண்டும் வேட்டைக்காரர் சுட்ட பறவையைப் பற்குறி பதியாமல் வாயில் கவ்வி வந்து கொடுப்பதற்காக வளர்க்கப்பட்டவை. மென்மையாகக் கவ்வும் வாய், மனிதரோடு சேர்ந்து வேலை செய்வதில் விருப்பம், துப்பாக்கிச் சத்தத்துக்கும் அதிராத நிதானம் ஆகியவை இந்த வேலைக்குத் தேவைப்பட்டன. குழந்தைகள் உள்ள வீட்டிற்குத் தேவைப்படுவதும் ஏறக்குறைய இவையேதான் என்பதால் இந்தப் பரிந்துரையில் நியாயம் இருக்கிறது.

சொல்லாமல் விடப்படுவது என்னவென்றால், இவை இரண்டு வயது வரை முப்பது கிலோ எடையுள்ள சிறுபிள்ளைகள். எங்கள் மூத்த குழந்தை நடை பழகிய காலத்தில் வீட்டில் பதினொரு மாத லாப்ரடார் ஒன்று இருந்தது. அழைப்பு மணி ஒலித்தால் போதும், அதன் வால் சுழலத் தொடங்கிவிடும். அந்த வாலின் உயரமும் சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையின் கன்னத்தின் உயரமும் ஒன்றாகவே இருந்தன. கனமான கயிற்றால் அடித்ததுபோல் ஓர் அடி விழும், குழந்தை தொப்பென்று உட்காரும், அழுகையைக் கேட்டு நாய் பதறி ஓடி வந்து முகத்தை நக்கும், குழந்தை மல்லாந்து விழும். இதில் குற்றம் நாயின் மீதும் இல்லை, குழந்தையின் மீதும் இல்லை. ஒரே சமயத்தில் இரண்டு கைக்குழந்தைகளை வளர்க்க முடியும் என்று நினைத்த எங்கள் மீதுதான்.

இதைத் தவிர, இரண்டுக்கும் முடி ஆண்டு முழுவதும் கொட்டும். இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சரியாகப் பொருந்தாமல் வளரும் பரம்பரைக் கோளாறு உண்டு. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்கியது என்று உடலுக்கு உணர்த்தும் மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதாக 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. எவ்வளவு தின்றாலும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நாயும், தட்டிலிருந்து பாதியைக் கீழே போடும் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வீடு சிறியது, குழந்தையும் சிறியது. அப்படியானால் சிறிய நாய்தானே பாதுகாப்பு?

இது மிகப் பரவலான தவறான எண்ணம். சிவாவா போன்ற பொம்மை இன நாய்களின் எடை மூன்று கிலோவைத் தாண்டுவது அரிது. மூன்று வயதுக் குழந்தை மடியிலிருந்து தவறவிட்டாலோ மேலே விழுந்தாலோ அவற்றின் காலெலும்பு முறியக்கூடும். எப்போதும் தன்னைத் தூக்க வரும் கைகளுக்கு அஞ்சி வாழும் நாய், முதலில் விலகிப் பார்க்கும், பிறகு உறுமும், அதுவும் பலிக்காவிட்டால் கடிக்கும். பெரிய நாய் உறுமினால் வீடே கவனிக்கிறது. சிறிய நாய் உறுமினால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அதனால்தான் சிறிய நாய்களின் எச்சரிக்கை பெரும்பாலும் வீணாகிறது.

மறுபுறம், கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்ற பேருருவ இனங்கள் பொதுவாக அமைதியானவை என்றாலும், ஐம்பது கிலோவைத் தாண்டிய நாய் திரும்பிப் படுப்பதே குழந்தைக்கு இடிதான். அவற்றின் ஆயுள் பெரும்பாலும் எட்டு, பத்து ஆண்டுகளுக்குள் முடிந்துவிடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பத்து கிலோவிலிருந்து இருபத்தைந்து கிலோ வரையிலான நடுத்தர அளவு சிறு குழந்தைகளுக்குப் பொதுவாகப் பொருந்துகிறது.

பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை முக நாய்கள் குழந்தைகளிடம் சாதுவாக இருக்கின்றனவே?

இருக்கின்றன, குணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் முகத்தைக் குறுக்கியதில் மூக்குத் துளைகள் இறுகி, மேல்வாயின் பின்பகுதியிலுள்ள மென்சதையான மென்னண்ணம் தொண்டையை அடைத்து, பல நாய்கள் வாழ்நாள் முழுவதும் மூச்சுக்குத் திணறுகின்றன. “குறட்டை விடுகிறது, எவ்வளவு அழகு” என்று நாம் ரசிப்பது பல நேரங்களில் மூச்சுத் திணறலைத்தான். நாய்கள் உடற்சூட்டைத் தணிப்பதே மூச்சிரைத்துத்தான் என்பதால், வெயிலில் பிள்ளைகளோடு அரை மணி நேரம் பந்து விளையாடுவது இவற்றின் உயிருக்கே ஆபத்தாகலாம். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல், குழந்தைகளிடம் காட்டும் பொறுமையில் எனக்கு மிகவும் பிடித்த சிறிய இனம். அதற்கோ இதய வால்வு நோய் பரவலாக வருகிறது. பெற்றோர் நாய்களின் இதயப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் அந்த இனக் குட்டியை எடுக்க வேண்டாம்.

குழந்தைக்கு ஒவ்வாமை இருக்கிறது. முடி கொட்டாத இனம் வாங்கினால் போதுமா?

போதாது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் நுண்செதில்களிலும், சிறுநீரிலும் இருக்கின்றன. முடி அவற்றைச் சுமந்து பரப்பும் வாகனம் மட்டுமே. எனவே ஒவ்வாமையே தராத இனம் என்று ஒன்று இல்லை.

இதற்கு லாப்ரடூடிலின் கதையே சான்று. 1980களின் இறுதியில், ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களை வளர்க்கும் நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த வாலி கான்ரன், ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்காக லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்துப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் ஒவ்வாமை இருந்ததே காரணம். பிறந்தவை மூன்று குட்டிகள். அவற்றின் முடியையும் எச்சிலையும் அனுப்பிச் சோதித்ததில், ஒன்று மட்டுமே கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே ஈற்றில் பிறந்த உடன்பிறப்புகளிலேயே இந்த வேறுபாடு என்றால், “ஒவ்வாமை தராத கலப்பினம்” என்ற விளம்பரத்தை எந்த அளவுக்கு நம்புவது? அந்தக் கலப்பை உருவாக்கியதற்காகத் தாம் வருந்துவதாகவே கான்ரன் பின்னாளில் சொன்னார்.

நடைமுறையில் செய்யக்கூடியது, ஒவ்வாமை மருத்துவரைக் கலந்துகொண்டு, தேர்ந்தெடுத்த அதே நாயோடு குழந்தையைப் பல முறை, சில மணி நேரமாவது இருக்க வைத்துப் பார்ப்பதுதான். பூடில் போன்ற சுருள்முடி இனங்களில் முடி குறைவாக உதிர்வது உண்மையே. ஆனால் உதிராத முடி வளர்ந்துகொண்டே போகும் என்பதால் நாள்தோறும் சீவவும், நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு முறை வெட்டவும் வேண்டியிருக்கும்.

குட்டியாக எடுப்பதா, வளர்ந்த நாயை எடுப்பதா?

குழந்தையோடு சேர்ந்தே வளரட்டும் என்று குட்டியை எடுப்பவர்களே அதிகம். கேட்க இனிமையாக இருக்கும் இந்த எண்ணம், மூன்றாவது வாரத்திலேயே சோதனைக்குள்ளாகும். பற்கள் ஊசிபோல் இருக்கும் பருவத்தில் குட்டி எல்லாவற்றையும் கடிக்கும்; ஓடும் குழந்தையின் உடையும் விரலும் அதற்கு விளையாட்டுப் பொருள்கள். இரவில் எழுந்து வெளியே விட வேண்டும், வீட்டுக்குள் மலம் கழித்ததைத் துடைக்க வேண்டும்.

அதே சமயம் குட்டியாக எடுப்பதில் மறுக்க முடியாத ஒரு பயன் உண்டு. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம். அப்போது அன்பான குழந்தைகளைப் பார்த்துப் பழகிய நாய் பின்னாளில் குழந்தைகளைக் கண்டு மிரளுவது குறைவு. எட்டு வாரத்திற்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதால், அந்தப் பருவத்தின் முதல் பாதி வளர்ப்பாளரின் கையில்தான் இருக்கிறது. குட்டிகள் பின்கட்டில் ஒரு கூண்டுக்குள் வளர்ந்தனவா, பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்குள் வளர்ந்தனவா என்பதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

வளர்ந்த நாயிடம் ஒளிவுமறைவு குறைவு. அளவும் குணமும் ஏற்கெனவே கண்முன் இருக்கின்றன. கடைசிக் குழந்தைக்கு ஐந்து வயது ஆகும் வரை குட்டி வேண்டாம் என்பதே என் அறிவுரை.

ஆண் நாயா, பெண் நாயா?

குழந்தைகளைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. கருத்தடை செய்வதற்கு ஏற்ற வயது இனத்துக்கும் அளவுக்கும் ஏற்ப மாறுவதால், அதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காவலுக்கும் ஆகும், குழந்தைகளுக்கும் தோழனாக இருக்கும் என்று ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், டாபர்மேன் ஆகியவற்றை வாங்கலாமா?

நன்கு பயிற்றுவிக்கத் தெரிந்தவர் வீட்டில், இவை தம் வீட்டுப் பிள்ளைகளிடம் அருமையாகப் பழகுகின்றன. சிக்கல் வருவது பெரும்பாலும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளால்தான். விளையாட்டில் இரு பிள்ளைகள் கட்டிப் புரண்டு கூச்சலிடும்போது, தன் வீட்டுப் பிள்ளை தாக்கப்படுகிறான் என்று நாய் எண்ணிவிட்டால், அந்த முடிவை அது உங்களைக் கேட்டு எடுக்காது. முதன்முறையாக நாய் வளர்ப்பவர், சிறு குழந்தைகளோடு சேர்த்து இந்தப் பொறுப்பையும் ஏற்பது எனக்கு உடன்பாடில்லை. அந்நியர் வந்தால் குரைக்க எந்த நாயும் போதும்.

காப்பகத்திலிருந்து கலப்பின நாயை எடுப்பது ஆபத்தா?

கலப்பு என்பதால் ஆபத்து ஏதும் இல்லை. பார்க்க வேண்டியது அதன் கடந்த காலம். முன்பு குழந்தைகளோடு வாழ்ந்ததா, உணவுத் தட்டின் அருகே யாராவது வந்தால் விறைக்கிறதா, திடீர்ச் சத்தத்துக்கு நடுங்கி எவ்வளவு நேரத்தில் தன்னிலைக்கு வருகிறது என்று பராமரிப்பவர்களிடம் விவரமாகக் கேளுங்கள். ஒரே நாளில் முடிவெடுக்காமல், குழந்தையோடு இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்க, நாயே தானாக நெருங்கி வந்து, உடலைத் தளர்த்தி அருகில் நின்றால் அது நல்ல அறிகுறி. குழந்தையைக் கண்டதும் மூலைக்குப் போகும் நாயைப் பரிதாபப்பட்டு அழைத்து வருவது இருவருக்கும் செய்யும் தீங்கு.

வளர்ப்பாளரிடம் குட்டி எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். தாய் பயந்த சுபாவமுள்ளதாகவோ சீறுவதாகவோ இருந்தால் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். தாயைக் காட்டவே மறுத்தாலும் அப்படியே. அந்த இனத்துக்குரிய பரிசோதனைகளை, அதாவது லாப்ரடாருக்கு இடுப்பு, முழங்கை மூட்டும் கண்ணும், டால்மேஷனுக்குச் செவியும் என்பதுபோல, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டால்மேஷன்களில் ஒரு காதோ இரு காதுகளுமோ பிறவியிலேயே கேட்காதவை கணிசமாக உண்டு. பின்னால் வரும் குழந்தையின் காலடி கேட்காத நாய் திடுக்கிட்டுத் திரும்பிக் கடித்துவிடக்கூடும்.

பொறுமையான இனத்தை வாங்கிவிட்டால் குழந்தையோடு தனியாக விடலாமா?

கூடாது. எந்த இனமானாலும், எத்தனை ஆண்டு பழகியிருந்தாலும், சிறு குழந்தையையும் நாயையும் பெரியவர் கண்காணிப்பின்றி ஓர் அறையில் விடக் கூடாது. சிறு குழந்தைகளைக் கடிப்பவை தெருவில் போகும் அறியாத நாய்கள் மட்டுமல்ல, வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருக்கும் பழகிய நாய்களும்தான். குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் காயமும் முகத்திலும் கழுத்திலும்தான் படுகிறது.

கண்காணிப்பு என்றால் அதே அறையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது அன்று. உறவினர் வீட்டில் ஒரு முறை, இரண்டு வயதுக் குழந்தை ஸ்பேனியல் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்க, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாய் வாயை இறுக மூடி, தலையைக் குழந்தையிடமிருந்து அந்தப் பக்கம் திருப்பியிருந்தது. கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரிந்தது. இரண்டு முறை மூக்கை நக்கியது, ஒரு முறை கொட்டாவி விட்டது. “எவ்வளவு பாசம் பாருங்கள்” என்றார் ஒருவர். நாய் நழுவி மேசைக்கடியில் போயிற்று. குழந்தையும் தவழ்ந்து உள்ளே போனது. அப்போதுதான் அது உறுமியது. உடனே நாய்க்குத் திட்டு விழுந்தது. அந்த உறுமலுக்கு முன் அது நான்கைந்து முறை மரியாதையாகச் சொல்லிப் பார்த்துவிட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை. உறுமியதற்காக அடிபட்ட நாய் அடுத்த முறை உறுமாது, நேரே கடிக்கும்.

எனவே நாய்க்கென்று குழந்தை எட்ட முடியாத ஓர் இடம் வேண்டும். இடுப்பளவுத் தடுப்புக் கதவு ஒன்று இதற்குப் போதும். தின்னும்போதும் தூங்கும்போதும் குட்டிகளுக்குப் பாலூட்டும்போதும் நாயைத் தொடக் கூடாது என்பதைக் குழந்தைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள். கட்டிப்பிடிக்க வேண்டாம், தோளிலோ மார்பிலோ மூன்று முறை தடவி நிறுத்து, நாய் மறுபடி கேட்டால் தொடரு என்ற பழக்கத்தை மூன்று வயதுக் குழந்தைகூடக் கற்றுக்கொள்ளும்.

நாயினால் குழந்தைக்கு நோய் வருமா?

முறையாகப் பார்த்துக்கொண்டால் அச்சப்படத் தேவையில்லை. உருளைப்புழு குட்டிகளுக்குத் தாயின் வயிற்றிலேயே தொற்றிவிடுவதால், பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே குடற்புழு நீக்க மருந்து கொடுக்கத் தொடங்குவார்கள். அதன் பிறகான அட்டவணையை மருத்துவரிடம் பெற்றுக்கொள்ளுங்கள். மண்ணில் விளையாடி விரலை வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருந்தால், மலத்தை அன்றன்றே அகற்றுவது கட்டாயம். வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். எந்த நாய் கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். திட்டு விழும் என்று அஞ்சிக் கடியை மறைக்கும் குழந்தைகள் உண்டு; சொன்னால் நாயையும் உன்னையும் யாரும் அடிக்கமாட்டார்கள் என்பதை முன்கூட்டியே அவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

குழந்தையின் கையிலிருந்து நாய்க்குப் போவதும் கவனிக்கத்தக்கது. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய் ஆகியவை நாய்க்கு நஞ்சு.

நாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் குழந்தையிடம் கொடுக்கலாமா?

தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவது, சீப்பை எடுத்து வருவது போன்ற சிறு வேலைகளைத் தரலாம். நாயின் உணவும் நடையும் மருந்தும் ஏழு வயதுப் பிள்ளையின் நினைவாற்றலை நம்பி இருக்கக் கூடாது. கயிற்றைப் பிடித்துத் தெருவில் அழைத்துச் செல்வதற்கு, நாய் இழுத்தால் தாங்கும் உடல் வலிமை வேண்டும். அதுவரை பெரியவர் ஒரு கயிற்றையும் குழந்தை இன்னொரு கயிற்றையும் பிடித்துக்கொண்டு நடப்பது இருவருக்கும் மகிழ்ச்சி தரும்.

எல்லாம் பார்த்து எடுத்தும் பொருந்தவில்லை என்றால்?

முதல் சில மாதங்களின் குழப்பத்தைப் பொருத்தமின்மை என்று அவசரப்பட்டு எண்ண வேண்டாம். குழந்தையைக் கண்டால் நாய் விறைப்பதும் உறுமுவதும் தொடர்ந்தால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி உடலில் வலி ஏதும் உண்டா என்று பாருங்கள்; காது வலியும் மூட்டு வலியும் பல நாய்களைச் சிடுசிடுப்பாக்குகின்றன. பிறகு, அடிக்காமல் பயிற்றுவிக்கும் நடத்தைப் பயிற்சியாளரை நாடுங்கள். அதற்குப் பிறகும் வீட்டில் அச்சம் நீங்கவில்லை என்றால், குழந்தைகள் இல்லாத வீடொன்றைத் தேடி, நடந்ததை மறைக்காமல் சொல்லி அங்கே ஒப்படையுங்கள். நல்ல வளர்ப்பாளரும் நல்ல காப்பகமும் நாயைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சம்மதிப்பார்கள். அப்படிச் சம்மதிப்பார்களா என்பதை எடுக்கும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.